பாஸ்டர் ஓய்வு பெறுகிறார், தோட்டம் கைமாறலாம் – சபைக்கு எப்படித் திட்டம் போடுவது?

சிப்புட்காரி எழுதியது:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். பேராக் மாநிலம், சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்துச் சபைக்கு நான் செயலாளர். வேலை ஈப்போவில், சபை வேலை எல்லாம் ராத்திரி சமையல் முடிந்த பிறகுதான். ஜனவரியில் ஆண்டுக் கூட்டம் வருகிறது. அதற்குள் ஐந்தாண்டுத் திட்டம் ஒன்றை எழுதிக் கொண்டுவரச் சொல்லி என் தலையில் கட்டிவிட்டார்கள்.

நிலைமையைச் சொல்கிறேன். பாஸ்டர் அடுத்த ஆண்டு ஓய்வு பெறுகிறார். அவருக்குப் பதில் ஆள் வருவாரா, இல்லை ஈப்போவிலிருந்து மாதம் இரண்டு ஞாயிறு யாராவது வந்து போவாரா என்று மேலிடம் இன்னும் வாய் திறக்கவில்லை. கோயில் நிற்பது தோட்டத்து நிலத்தில். ரப்பர் இருந்த காலத்தில் பால்வெட்டுக்காரர்கள் சம்பளத்தில் காசு போட்டுக் கட்டியது. அப்போதிருந்த மேனேஜர் துரை வாய் வார்த்தையாகக் கொடுத்த இடம், ஒரு துண்டுக் காகிதம்கூடக் கிடையாது. இப்போது முழுக்கச் செம்பனை. லயத்து வரிசை வீடுகளில் நம் ஆட்கள் ஒன்பது குடும்பம்தான் மிச்சம். மற்றவர்கள் டவுனை ஒட்டிய தாமான்களுக்கு, அதாவது குடியிருப்புப் பகுதிகளுக்குப் போய்விட்டார்கள். தோட்டத்தில் ஒரு பகுதி வீடமைப்புக்குப் போகிறது என்று ஒட்டுக்கடையில் ஒருவர் அடித்துச் சொல்கிறார், அதெல்லாம் வெறும் பேச்சு என்று அடுத்த மேசையில் இருப்பவர் சொல்கிறார்.

ஞாயிறு ஆராதனைக்கு நாற்பது பேர் வருவார்கள். பாதிக்கு மேல் அறுபதைத் தாண்டியவர்கள். பிள்ளைகள் கிள்ளான், ஷா ஆலம், ஜொகூர் பாரு, சிங்கப்பூர். கிறிஸ்மஸுக்கு எல்லாரும் வந்தால் வெளியே நாற்காலி போட வேண்டும். ஜனவரி இரண்டாம் ஞாயிறு பழையபடி. வங்கியில் 58,000 வெள்ளி (ரிங்கிட்) இருக்கிறது.

கமிட்டியில் மூன்று கட்சி. மூப்பர் ஒருவர், "நாளைக்காகக் கவலைப்படாதிருங்கள் என்று ஆண்டவரே சொன்ன பிறகு ஐந்து வருஷத்துக்குத் திட்டம் எதற்கு? விசுவாசம் இல்லையா?" என்கிறார். கோலாலம்பூரில் ஒரு கருத்தரங்குக்குப் போய் வந்த வாலிபர் தலைவர், "2030-க்குள் 100 ஆத்துமாக்கள்" என்று ஒரு பவர்பாயிண்ட் தயார் செய்து வைத்திருக்கிறார். பொருளாளருக்குக் கூரைதான் கவலை. சட்டமெல்லாம் கரையான் அரித்துவிட்டது, முழுசாக மாற்ற 35,000 வெள்ளி ஆகும் என்று கொட்டேஷன் வாங்கியாகிவிட்டது.

பாஸ்டர் யார், இடம் எது, ஆள் எத்தனை என்று எதுவுமே தெரியாதபோது திட்டம் என்று எதை எழுதுவது? மூப்பரை மனம் நோகாமல் எப்படிச் சம்மதிக்க வைப்பது? எனக்கு ஞாயிறு பள்ளி எடுத்தவர் அவர். எதிர்த்துப் பேச வாய் வராது.

ரவாங் லாரிக்காரன்:

கூரையில் 35,000 போடாதீர்கள். அவ்வளவுதான் என் ஆலோசனை. அடுத்தவன் நிலத்தில் போடுகிற ஆணிகூட அவனுக்குத்தான் சொந்தம். முதலில் லாட் நம்பரைக் கண்டுபிடித்து நில அலுவலகத்தில் கட்டணம் கட்டித் தேடிப் பாருங்கள். கிராண்ட், அதாவது நிலப்பட்டா, யார் பெயரில் இருக்கிறது, அடமானத்தில் இருக்கிறதா என்பது காகிதத்தில் வந்துவிடும். ஒட்டுக்கடைப் பேச்சை அப்புறம் கேட்கலாம்.

பழைய கிராணி:

தங்கச்சி, நான் வேலைக்காலம் முழுக்கத் தோட்டக் கிராணி, ஆபீஸ் எழுத்தர். செக்ரோல் என்கிற ஆள் வருகைப் பதிவேடு எழுதிய கை, அதனால் கொஞ்சம் கணக்காகத்தான் பேசுவேன்.

எதுவுமே தெரியாது என்கிறீர்கள். நீங்கள் எழுதியதில் பெரும்பாலானது தெரிந்ததுதான். பாஸ்டர் போவது தெரியும், எந்த ஆண்டு என்பதும் தெரியும். தோட்டத்து நிலம் என்றைக்கும் நம் கையில் நிற்காது என்பது தெரியும். எப்போது போகும் என்பதுதான் தெரியாது. பிள்ளைகள் லயத்துக்குத் திரும்பி வந்து குடியேறப் போவதில்லை, அது நடந்து முடிந்த கதை. தேதி தெரியாததை எல்லாம் நாம் "நிச்சயமில்லாதது" என்ற கணக்கில் எழுதிவிடுகிறோம். அப்படி எழுதுவதில் ஒரு வசதி இருக்கிறது, ஒன்றும் செய்ய வேண்டியதில்லை.

பால்வெட்டுக் காலத்தில், வருஷக் கடைசி மழை எந்த விடியலில் அடிக்கும் என்று எந்தத் துரைக்கும் தெரியாது. மரம் நனைந்திருந்தால் வெட்ட முடியாது. பால் கோட்டில் இறங்காமல் பட்டையில் பரவிவிடும், கோப்பையில் தண்ணீர் சேரும். அதனால் முதல் நாள் சாயங்காலமே இரண்டு பட்டியல் எழுதி வைப்பேன். வெட்டு நாள் என்றால் யாருக்கு எந்த நிரை. மழை நாள் என்றால் யார் புல்வெட்டு, யார் கான் வெட்டு, யாருக்கு ஸ்டோர் வேலை. பெரட்டில், அதாவது விடியற்காலை ஆள் கணக்கெடுக்கும் இடத்தில், துரை வானத்தைப் பார்ப்பார், மரத்தைத் தொட்டுப் பார்க்கக் கங்காணியை அனுப்புவார், கொஞ்ச நேரம் பொறுப்பார், அப்புறம் ஒரு பட்டியலைக் காட்டுவார். அவ்வளவுதான். மழை வராது என்று நம்பி ஒரே பட்டியலோடு பெரட்டுக்குப் போன கிராணியை நான் பார்த்ததில்லை.

ஆண்டு வாரியாகத் திட்டம் எழுதாதீர்கள், சம்பவ வாரியாக எழுதுங்கள். புது பாஸ்டர் வராவிட்டால் பிரசங்கம் யார், நோயாளி வீட்டுக்கு யார், அடக்கத்தை யார் நடத்துவது? இப்போதைய பாஸ்டர் துணைத் திருமணப் பதிவாளராக இருந்தால் அவருக்குப் பிறகு கல்யாணத்தை எங்கே பதிவது? இதற்கெல்லாம் ஆள் பெயர் வேண்டும், அந்த ஆளுக்கு இன்றைக்கே பயிற்சி தொடங்க வேண்டும், பாஸ்டர் கூட இருக்கும்போதே. இடத்தைக் காலி செய்யச் சொல்லிக் கடிதம் வந்தால் அடுத்த ஞாயிறு எங்கே கூடுவது? டவுனில் வேறு சபை எதாவது மத்தியானத்துக்கு இடம் தருமா என்று இப்போதே போய்க் கேட்டுவிடுங்கள். கடிதம் வந்த பிறகு கேட்டால் அது கெஞ்சுவது. இன்னொன்று, நீங்கள் எழுத மறந்தது: தோட்டத்துக் கல்லறை. கோயிலை வேறு இடத்துக்குக் கொண்டுபோகலாம், கல்லறைக்கு என்ன செய்வீர்கள்? யார் எங்கே புதைக்கப்பட்டார் என்று வரைபடம் இருக்கிறதா? பல தோட்டங்களில் அது ஒரு கிழவனாரின் ஞாபகத்தில் மட்டும்தான் இருக்கும்.

அப்புறம் வங்கிக் கையெழுத்து. இதைக் கட்டாயம் பாருங்கள். 2020 மார்ச் 18-ல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது எனக்குத் தெரிந்த ஒரு சபையில் காசோலைக்கு மூன்று பேர் பெயர், இருவர் கையெழுத்துப் போட வேண்டும். ஒருவர் கோலாலம்பூரில் மகன் வீட்டில் மாட்டிக்கொண்டார், மாநிலம் தாண்ட முடியாது. இன்னொருவர் டயாலிசிஸுக்குப் போய் வந்துகொண்டிருந்தவர், அந்த மாதமே தவறிவிட்டார். கணக்கில் காசு இருக்கிறது, லயத்தில் நாள் சம்பளம் நின்றுபோன குடும்பங்கள் இருக்கின்றன, அரிசி வாங்க வழியில்லை. கடைசியில் ஒரு டீச்சர் தன் சம்பளத்தை எடுத்துக் கொடுத்தார். ஜெபம் பண்ணவில்லை என்று யாரும் சொல்ல முடியாது, நன்றாகவே பண்ணினார்கள்.

நீங்கள் இருக்கும் ஊரிலேயே பாடம் இருக்கிறது. ரப்பர் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற காலத்தில், எந்தத் தோட்டம் எந்த மாதம் விலைபோகும் என்று யாருக்குத் தெரியும்? சுங்கை சிப்புட் மண்ணில் பிறந்து அமைச்சரான துன் சம்பந்தன் 1960-ல் தொழிலாளர்களே தோட்டத்தை வாங்குவதற்காகத் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தோட்டம் தோட்டமாகப் போய் மாதம் பத்து வெள்ளி போடச் சொன்னார். முதலில் வாங்கியது கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம். எந்தத் தோட்டம் என்று தெரிந்த பிறகு பணம் சேர்க்கலாம் என்று அவர் உட்கார்ந்திருந்தால் புக்கிட் சீடிமும் கிடைத்திருக்காது. அவர் கிறிஸ்தவர் இல்லை, ஆனாலும் நம் மூப்பர்களைவிட அவரிடம் கற்க வேண்டியது அதிகம் என்பது என் அபிப்பிராயம். கோபப்படுகிறவர்கள் படலாம்.

மூப்பரிடம் மத்தேயு 6-ஐ வைத்து வாதாட வேண்டாம். அந்த வசனம் கவலைப்படாதே என்கிறது, கணக்கு எழுதாதே என்று சொல்லவில்லை என்று நீங்கள் ஆரம்பித்தால் அவர் இன்னும் பத்து வசனம் எடுப்பார். அவரோடு உட்கார்ந்து எரேமியா 32-ஐ வாசியுங்கள். பாபிலோன் ராஜாவின் சேனை எருசலேமை முற்றுகை போட்டிருக்கிறது. தீர்க்கதரிசி காவல் சாலையின் முற்றத்தில் அடைபட்டுக் கிடக்கிறார். நகரம் விழும் என்று சொன்னவரே அவர்தான். அந்த நேரத்தில் ஆனதோத்தில் இருக்கும் நிலத்தைப் பதினேழு சேக்கல் வெள்ளிக்கு வாங்குகிறார். சாட்சிகள் முன்னால் கையெழுத்து, முத்திரை போட்ட பத்திரம் ஒன்று, திறந்த பத்திரம் ஒன்று, இரண்டையும் மண்பாண்டத்தில் வைக்கச் சொல்கிறார், அநேக நாள் இருக்க வேண்டும் என்று. கிராணி வேலை அது. எனக்கு ரொம்பப் பிடித்த அதிகாரம்.

கூரையைப் பற்றி லாரிக்காரத் தம்பி சொன்னது முக்கால் சரி. ஆனால் சட்டம் முறிந்து ஒரு பாட்டி தலையில் விழுந்தால்? அழுகிய சட்டங்களை மட்டும் மாற்றுங்கள், மீதியைத் தொட வேண்டாம். "100 ஆத்துமாக்கள்" விஷயத்தில் வாலிபர் தலைவரைச் சிரித்து ஒதுக்காதீர்கள், அவருக்காவது ஆசை இருக்கிறது. நூறு பேரை அனுப்புவது நம் கையில் இல்லை. மூன்று பேரைப் பிரசங்கம் பண்ணப் பழக்குவது நம் கையில் இருக்கிறது. அந்த வேலையை அவரிடமே கொடுங்கள்.

செராய் ஞானோபதேசி:

நான் கத்தோலிக்கர், பாகான் செராய் பக்கம். தலையிடலாமா என்று யோசித்தேன், கிராணி ஐயா எழுதியதைப் படித்ததும் எழுதத் தோன்றியது.

"நடக்கும், தேதிதான் தெரியாது" என்பதற்கு எங்கள் சபையிலேயே ஒரு கதை உண்டு. எங்கள் தாத்தா பாட்டி காலத்தில் பெரும்பாலும் பிரெஞ்சுக் குருக்கள்தான். பிறகு அரசாங்கம் வெளிநாட்டு மறைப்பணியாளர்கள் தங்குவதற்குக் காலவரம்பு வைத்தது. எப்படியும் ஒருநாள் உள்ளூர் ஆட்களே நடத்த வேண்டிவரும் என்பது தெளிவாகிவிட்டது. 1976-ல் தீபகற்பத்தின் மூன்று மறைமாவட்டக் குருக்களும் ஆயர்களும் பினாங்கில் ஒரு மாதம் கூடி உட்கார்ந்தார்கள். குரு இல்லாவிட்டாலும் பொதுநிலையினர் விசுவாசத்தைத் தாங்க வேண்டும் என்ற பேச்சு அங்கேதான் வலுத்தது. 1986-ல் மேய்ப்புப்பணி மாநாடு, அதிலிருந்து பி.இ.சி. என்கிற அக்கம்பக்க வீட்டுக் குழுக்கள். பிறகு பத்து வருஷத்துக்கு ஒரு முறை, 1996, 2006, 2016 என்று மாநாடு கூடிப் பழையதைத் திருப்பிப் பார்த்தார்கள்.

எல்லாம் பிரமாதம் என்று சொல்ல வரவில்லை. எங்கள் தாமானில் பல வருஷம் பி.இ.சி. என்றால் ஜெபமாலை, பிறகு மீஹூனும் மைலோவும், ஒன்பதரைக்கு வீடு. ஆனால் கோயில் பூட்டிய 2020-ல் அந்தக் குழுவின் நோட்டுப் புத்தகம்தான் உதவியது. எந்த வீட்டில் கிழவி தனியாக இருக்கிறார், யாருக்கு இன்சுலின் வாங்க வேண்டும், யாருக்கு மோட்டார் இல்லை என்பதெல்லாம் அதில் இருந்தது. குருவுக்கு அது தெரியாது, எதிர்வீட்டுக்காரிக்குத் தெரியும்.

சகோதரி, உங்கள் நாற்பது பேரையும் தாமான் வாரியாகப் பிரித்து, பொறுப்பாளர் ஒருவருக்கு நான்கு வீடு என்று கொடுத்துவிடுங்கள். பாஸ்டர் வந்தாலும் வராவிட்டாலும் அது ஓடும். ஒன்று மட்டும்: பெண்களிடம் வேலையைக் கொடுத்துவிட்டுக் கூட்டத்தில் ஆண்களை உட்கார வைக்காதீர்கள். எங்கள் பக்கம் அது இன்னும் தீரவில்லை.

தெலுக் இந்தான் வாத்தியார்:

கிராணி அண்ணன் பட்டியலை நான் குறை சொல்லவில்லை. ஆனால் காகிதம் சரியாக இருந்தால் மட்டும் போதாது, அதிகாரம் கைமாற வேண்டும். அது யாருக்கும் எளிதில் மனம் வராத காரியம்.

1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழுந்தது. ஆங்கிலிக்கன் பிஷப் லெனர்ட் வில்சனை உடனே சிறையில் அடைக்கவில்லை. ஓகாவா என்ற ஜப்பானிய அதிகாரி, அவரும் கிறிஸ்தவர், பிஷப் வெளியே இருந்து பணி செய்ய வழி பண்ணினார். ஆனால் அது எவ்வளவு நாள் நீடிக்கும் என்று வில்சனுக்கும் தெரியாது. 1943 மார்ச்சில் அவரைச் சாங்கி சிறைக்குக் கொண்டுபோனார்கள். அவர் உள்ளே போன பிறகு சபையை நடத்தும் பொறுப்பை ஏற்ற உள்ளூர் குருமாரில் டி. டி. செல்லையா என்ற தமிழர் ஒருவர். நம் தோட்டத்து ஆட்களை ஜப்பானியர் சயாம் மரண ரயில் பாதை வேலைக்கு வண்டியேற்றிக்கொண்டிருந்த அதே காலம் அது.

உங்கள் பாஸ்டருக்கு இன்னும் ஓராண்டு இருக்கிறது. போர்க்காலத்தில் ஒரு பிஷப்புக்குக் கிடைத்ததும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். கடைசி ஞாயிறுவரை பாஸ்டரே பிரசங்கம் பண்ணி, மாலை போட்டு, பிரியாணியோடு வழியனுப்பு விழா நடத்தினால் மறு வாரம் பிரசங்க மேடையில் யார் ஏறுவார்? கடைசி ஆறு மாதம் அவர் பெஞ்சில் உட்கார்ந்து மற்றவர்கள் பேசுவதைக் கேட்கட்டும். நன்றாகப் பேச மாட்டார்கள்தான். பரவாயில்லை, கேட்கட்டும்.

ஜே.பி. பையன்:

நானும் பேராக் தோட்டத்துப் பிள்ளைதான். இப்போது ஜொகூர் பாருவில் வாடகை அறை, வேலை சிங்கப்பூரில், விடியற்காலை நாலரைக்கு மோட்டாரில் பாலத்தில் வரிசை. எல்லாரும் "பிள்ளைகள் போய்விட்டார்கள்" என்றே எழுதுகிறீர்கள். எங்களை யாராவது கேட்டீர்களா? சபை வாட்ஸ்அப் குழுவில் எங்களுக்கு வருவது இரண்டே செய்திதான், ஒன்று மரண அறிவிப்பு, இன்னொன்று கட்டட நிதி.

என் சபை இப்போது எது என்று கேட்டால் எனக்கே பதில் இல்லை. ஆனால் தாத்தாவின் கல்லறை அங்கேதான் இருக்கிறது. அக்கா, உங்கள் சபைப் பையன்களிடம் பணம் மட்டும் கேட்காதீர்கள், வேலை கேளுங்கள். சீனப் பெருநாள் விடுமுறையில் ஊருக்கு வருவார்கள். பழைய ஞானஸ்நானப் பதிவேட்டைப் பக்கம் பக்கமாகப் படம் எடுக்கலாம், கல்லறை வரைபடம் போடலாம். கிழவர்களோடு நடந்து போய்ப் பெயர் கேட்டு எழுத வேண்டும், அதற்குக் கால் வேண்டும். கால் எங்களுக்கு இருக்கிறது.

சிப்புட்காரி:

எல்லாருக்கும் நன்றி. தம்பி, நீ எழுதியதை அப்படியே எங்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். கிள்ளானிலிருந்தும் புச்சோங்கிலிருந்தும் மூன்று பேர் வருகிறோம் என்றார்கள், அதில் ஒருத்தன் ஞானஸ்நானத்துக்குப் பிறகு கோயில் பக்கமே வராதவன்.

நேற்று மூப்பர் வீட்டுக்குப் போய் எரேமியா 32 வாசித்தோம். உடனே ஒன்றும் சொல்லவில்லை. காப்பி குடித்து முடித்துவிட்டு, "பத்திரத்தை மண்பானையில் வைத்தது சரி, பானை யார் வீட்டில் இருந்தது?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகுதான் புரிந்தது: பதிவேடுகளெல்லாம் இத்தனை வருஷமாக அவர் வீட்டு அலமாரியில்தான் இருக்கின்றன. எடுத்துப் போய்விடுவோமோ என்ற பயம் அவருக்கு. அவர் வீட்டிலேயே இருக்கட்டும், நகல் மட்டும் எடுத்துக்கொள்கிறோம் என்றேன். தலையாட்டினார். திட்டத்துக்குச் சம்மதம் என்று நான் எடுத்துக்கொண்டேன், அவர் எப்படி எடுத்துக்கொண்டார் என்று கூட்டத்தில் பார்க்கலாம்.

நில அலுவலகத்துக்கு அடுத்த வாரம் லீவு போட்டிருக்கிறேன். வாத்தியார் ஐயா சொன்ன ஆறு மாதத்தைப் பாஸ்டரிடம் இன்னும் சொல்லவில்லை, அதற்குக் கொஞ்சம் தைரியம் வேண்டும். கிராணி ஐயா, வங்கிக் கையெழுத்துதான் முதல் வேலை என்று முடிவு. எங்கள் மூவரில் ஒருவருக்கு 81 வயது. மாற்றுவதற்கு என்ன கொண்டுபோக வேண்டும்?

பழைய கிராணி:

வங்கிக்கு வங்கி வேறுபடும், முதலில் போன் போட்டுக் கேளுங்கள். பொதுவாகக் கூட்டக் குறிப்பு கேட்பார்கள். அதில் யாரை எடுத்துவிட்டு யாரைச் சேர்க்கிறோம் என்று முழுப்பெயர், அடையாள அட்டை எண்ணோடு தெளிவாக இருக்க வேண்டும். தலைவரும் செயலாளரும் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். புதியவர்கள் நேரில் போக வேண்டிவரும். மூன்று பேரை ஐந்தாக்குங்கள், அதில் ஒருவராவது நாற்பதுக்குக் கீழே இருக்கட்டும், ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும். செராய் சகோதரி சொன்னது சரி. 81 வயதுக்காரரிடம் நீங்களே நேரில் போய்ச் சொல்லுங்கள், வாட்ஸ்அப்பில் போட்டுவிடாதீர்கள்.

உங்கள் சபை தனிச் சங்கமாகப் பதிவு பெற்றதா, தாய்ச் சபையின் கீழா என்று பாருங்கள். தனியாக என்றால் ஆண்டுக் கூட்டம் முடிந்து 60 நாளுக்குள் சங்கப் பதிவிலாகாவுக்கு ஆண்டறிக்கை போக வேண்டும், புதுப் பொறுப்பாளர் பெயரும் அதில் வர வேண்டும். அது சரியாக இல்லையென்றால் வங்கியும் இழுத்தடிக்கும்.